இணையவழி மோட்டாரோட்டம்: ஓர் ஒழுக்கப் பயிற்சி

ஒரு கல்லூரி தன் மாணாக்கரை எவ்வாறு வளர்த்தது என்பதை வகுப்பறையிற் காண்பதிலும் விளையாட்டு மைதானத்திற் காண்பது எளிது என்பர் பெரியோர். நடுவர் காணாத வேளையிலும் தாம் ஆட்டமிழந்ததை உணர்ந்து, தாமே துடுப்பை ஏந்திக்கொண்டு வெளியேறிய ஆட்டக்காரரைப் பற்றிப் பழைய மாணவர் இன்றும் பெருமையோடு பேசுவதுண்டு. இக்காலத்திலோ மைதானமே இல்லாத விளையாட்டுகள் சில தோன்றியுள்ளன. அவற்றுள் ஒன்றாகிய இணையவழி மோட்டாரோட்டத்தை, சிறப்பாக டூரிங் கார் ஓட்டத்தை, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டெனப் பெற்றோர் பலர் தள்ளிவிடுகின்றனர். இளைஞருட் சிலரோ பாடத்தையும் நித்திரையையும் இதற்குப் பலியிடுகின்றனர். இவ்விரு சாராரும் இதன் இயல்பை நன்கு அறிந்திலர் என்பது எமது துணிபு.

டூரிங் கார் என்பது யாது? பந்தயத்துக்கென்றே படைக்கப்பட்ட ஒற்றை இருக்கைக் காரன்று. நாம் வீதியிற் காணும் குடும்பக் காரின் உருவத்தையும் உடலையும் அடிப்படையாகக் கொண்டு, பந்தயத்துக்கேற்பத் திருத்தியமைக்கப்பட்ட கார் என்க. பிரித்தானியாவில் இத்தகைய கார்களுக்கான தேசியப் போட்டித்தொடர் 1958 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டின் முடிவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஜாக் சியர்ஸ், ரொமி சொப்வித் என்னும் இருவரும் சமமான புள்ளிகளைப் பெற்று நின்றனர். ஒருவர் ஓட்டியது ஒஸ்ரின். மற்றவர் ஓட்டியது ஜாகுவார். இவ்விருவருள் வல்லவர் யாரென எங்ஙனம் துணிவது? நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாமென்ற யோசனை ஏற்கப்படவில்லை. ஒரே வகையான இரண்டு றைலி கார்கள் கொண்டுவரப்பட்டன. பிராண்ட்ஸ் ஹட்ச் ஓட்டப்பாதையில் இருவரும் ஐந்து சுற்றுகள் ஓடினர். பின்னர்க் கார்களை மாற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து சுற்றுகள் ஓடினர். முடிவில் 1.6 வினாடி வித்தியாசத்தில் சியர்ஸ் வெற்றி பெற்றார். காரின் வேற்றுமையை நீக்கிவிட்டு மனிதனை மாத்திரம் அளக்க விரும்பியோர் கண்ட வழி இதுவாகும்.

அன்று அரிதாக நிகழ்ந்த அச்சமநிலை, இன்று கணினியில் எவர்க்கும் எளிதிற் கிட்டுகின்றது. சிமுலேற்றர் எனப்படும் ஓட்டப் பாவனைக் கருவியில், காரின் திணிவு, இயந்திரத்தின் வலு, டயரின் உராய்வு, காற்றின் தடை ஆகிய யாவும் கணிதச் சமன்பாடுகளாக அமைக்கப்பட்டு, ஒவ்வொரு வினாடியிலும் பன்னூறு முறை கணிக்கப்படுகின்றன. ஓட்டப்பாதைகள் பலவும் இலேசர் கதிரால் அளக்கப்பட்டு, அவற்றின் சிறு மேடுபள்ளமுங்கூடத் தவறாமற் பதிக்கப்பட்டுள்ளன. சுக்கானுக்குள் அமைந்த மின்மோட்டார், டயர் பாதையைப் பற்றும் விசையை ஓட்டுபவரின் கைக்கு உணர்த்துகின்றது. நல்ல தடுப்பு மிதியானது, கால் எவ்வளவு தூரம் சென்றது என்பதையன்றி எவ்வளவு விசையோடு அழுத்தியது என்பதையே அளக்கின்றது. ஒரே வகைக் காரில் யாவரும் ஓடும் போட்டியிற் செல்வர்க்கு ஓர் இயந்திரம், வறியவர்க்கு வேறோர் இயந்திரம் என்பது இல்லை. ஒரே வினாத்தாளை எழுதும் பரீட்சை போன்றது இது. எனினும் விலையுயர்ந்த சுக்கானை வைத்திருப்பவர்க்குச் சிறிது வசதி உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இனி, காரை ஓட்டும் முறையை நோக்குவோம். 2015 இல் தோன்றிய ரீ.சீ.ஆர். வகை டூரிங் கார்கள் இரண்டு லீற்றர் இயந்திரமும் ஏறத்தாழ 350 பரிவலுவும் உடையன. அவ்வலு முழுவதும் முன்சில்லுகளுக்கே செல்கின்றது. ஆகவே காரை இழுப்பதும், திருப்புவதும், நிறுத்துவதிற் பெரும்பங்கும் முன்டயர்களின் கடமையாகின்றன. டயரின் பிடிப்பை ஒரு குடும்பத்தலைவரின் மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். அது ஓர் அளவினது. தடுப்புக்கு முழுவதையும் செலவிட்டவர்க்குத் திருப்பத்துக்கு எதுவும் எஞ்சாது. அவர் சுக்கானை எவ்வளவு திருப்பினும் கார் நேரே செல்லும். வல்லவரோ வளைவை நெருங்கும்போது தடுப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, அங்ஙனம் மீதமாகும் பிடிப்பை அதே அளவிற் சுக்கானுக்கு வழங்குவர். கதி இருமடங்கானால் இயக்கசக்தி நான்மடங்காகின்றது. நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் நான்மடங்காகின்றது. பாடப்புத்தகத்திற் படித்து மறந்த இவ்விதியைப் படொக் ஹில் வளைவு ஒரே தரத்தில் மனத்திற் பதித்துவிடும்.

படொக் ஹில் என்பது, இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள பிராண்ட்ஸ் ஹட்ச் ஓட்டப்பாதையின் முதல் வளைவாகும். அங்குள்ள குறும்பாதையின் நீளம் 1.944 கிலோமீற்றர். அதனைத் தொலைவிலிருந்து நோக்குவோர் எளிதென எண்ணுவர். ஆயின் முதல் வளைவிலே பாதை வலப்புறம் திரும்பியவாறே திடீரெனப் பள்ளத்தில் இறங்குகின்றது. வளைவின் வாயிலில் நிற்பவர்க்கு அதன் முடிவு தோன்றாது. மேட்டின் உச்சியிற் காரின் பாரம் குறைவதால், பிடிப்பு மிகுதியாக வேண்டிய இடத்திலேயே அது குறைந்துவிடுகின்றது. பின்னர் மேடேறி ட்ருயிட்ஸ் என்னும் கொண்டையூசி வளைவை அடைந்து, மீண்டும் இறங்கி, இடப்புறம் திரும்பிச் செல்லவேண்டும். இப்பாதையிற் பயில்வோர் முதல்நாள் நேரக்கணக்கை நோக்காது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே குறியிடத்திலே தடுப்பை அழுத்தப் பழகுதல் நன்று. விரைந்த ஒரு சுற்றிலும், ஒரே சீரான இருபது சுற்றுகளே போட்டியிற் பயன்படும்.

எமது தீவிலிருந்து போட்டியிடுவோர் அறியவேண்டிய பௌதிக உண்மை ஒன்றுண்டு. போட்டியை நடத்தும் மையக் கணினி இலண்டனில் உள்ளது எனக் கொள்வோம். இடைத்தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். கண்ணாடி நாரில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். எனவே செய்தி ஒன்று சென்று மீளுவதற்கு 0.087 வினாடியேனும் வேண்டும். கடலடி வடங்கள் நேர்கோட்டிற் செல்லாமையால் உண்மையிற் பிடிக்கும் நேரம் இதனிலும் மிகுதி. மணிக்கு 180 கிலோமீற்றர் கதியில் விரையும் கார் ஒரு வினாடியில் 50 மீற்றர் செல்கின்றது. வினாடியின் பத்தில் ஒரு பங்கில் 5 மீற்றர் செல்கின்றது. டூரிங் காரின் நீளமோ ஏறத்தாழ நாலரை மீற்றர். அஃதாவது, எம் திரையில் நாம் காணும் எதிராளியின் கார், அவர் உண்மையில் நிற்கும் இடத்தில் இல்லை. அவருடைய முந்திய நிலையையும் வேகத்தையும் கொண்டு கணினி ஊகித்த இடத்திலேயே அது தோன்றுகின்றது. ஆகலின் தொலைவிலிருந்து ஓடுபவர் மற்றவர்க்குச் சிறிது மிகுதியாக இடம் விட்டு ஓடுதல் கடமையாகும்.

இதனை யாம் ஏட்டளவிற் கற்றவரல்லேம். இப்பாதையில் நடைபெற்ற அரைமணி நேர இணையப் போட்டி ஒன்றில் யாமும் பங்குபற்றினோம். அங்கு இரவு எட்டு மணி. இங்கு நள்ளிரவு கடந்து அரைமணி. இருபது கார்களுள் எட்டாவதாகப் புறப்பட்ட யாம், பாதிப் போட்டி முடியுமுன் ஏழாம் இடத்தை அடைந்தோம். ஆறாமவர் நான்கு சுற்றுகளாக எமக்கு வழிவிடாது, ஆனால் விதி பிறழாது, ஓடிக்கொண்டிருந்தார். படொக் ஹில்லை அணுகியபோது உட்புறத்தில் இடமிருப்பதாக எமக்குத் தோன்றிற்று. நுழைந்தோம். எமது காரின் முன்மூலை அவரது பின்சில்லைத் தட்டிற்று. அவர் சுழன்று வெளிப்புறச் சரளைக்கல்லிற் புதைந்தார். யாம் ஆறாம் இடத்தை எய்தினோம். ஆறாமவராகவே போட்டியையும் முடித்தோம்.

எஞ்சிய சுற்றுகளிலெல்லாம் எம் மனம் ஒரு நியாயத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. அது எளிதிற் கிடைத்தது. எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கணினி, தாமதமாய் வரும் செய்தி, ஊகித்துக் காட்டிய கார் – குற்றம் தூரத்தினது, எமதன்று! முறைப்பாடு வந்தாலன்றி நடுவர் நிகழ்ச்சிப் பதிவைப் பார்ப்பதில்லை என்பது அப்போட்டியின் விதி. மறுநாட் காலைவரை அவரிடமிருந்து முறைப்பாடு எதுவும் வரவில்லை. யாம் வாளாவிருந்திருப்பின் ஆறாம் இடம் எமக்கே நிலைத்திருக்கும்.

ஆயின் பயிற்சிக்காகப் பதிவை மீட்டிப் பார்த்தபோது, எமது தடுப்பு மிதியின் வரைபு கண்ணிற் பட்டது. வழக்கமாகத் தடுப்பை அழுத்தும் இடத்துக்கு ஆறு மீற்றர் அப்பாலேதான் அச்சுற்றில் எம் கால் அழுத்தியிருந்தது. அவ்வரைபு எம் கணினியிலேயே, எம் காலின் விசையைக் கொண்டே எழுதப்பட்டது. அதில் இலண்டனுக்கும் இடமில்லை, கடலடி வடத்துக்கும் இடமில்லை. தூரம் காரின் நிலையைச் சிறிது பிழையாகக் காட்டியிருத்தல் கூடும். எனினும் அளவு கடந்து விரைந்தவர் யாமே. பதிவை இணைத்து நடுவர்க்கு எழுதினோம். அவர்கள் எமது நேரத்தோடு பதினைந்து வினாடி கூட்ட, யாம் பதினோராம் இடத்துக்கு இறங்கினோம். சுழன்றவர்க்கு அவ்விடம் மீளவில்லை. இழந்த ஓட்டத்தை எவராலும் மீட்டுக்கொடுத்தல் இயலாது. அவர் எமக்கு இரண்டு வரியில் நன்றி எழுதியிருந்தார். அவரது நாடும் முகமும் யாம் இன்றுவரை அறியோம்.

இந்நிகழ்ச்சி எம்மை ஒரு கேள்விக்கு இட்டுச்சென்றது. மெய்யான பாதையில் யாம் அவ்வாறு நுழைந்திருப்போமா? நுழைந்திரேம். உடலுக்கு வரும் ஊறும், காரைத் திருத்தும் செலவும், பிறர் உயிர்க்கு நேரும் கேடும் எம் காலைத் தக்க இடத்திற் தடுப்பின்மேல் வைத்திருக்கும். யாம் ஒழுக்கம் என்று கருதியிருந்ததிற் பெரும்பங்கு அச்சமே என்பதைச் சிமுலேற்றர் எமக்குக் காட்டிற்று. அச்சத்தை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே ஒருவரது உண்மையான ஒழுக்கம். மைதானமில்லாத இவ்விளையாட்டு மாணவர்க்குத் தரக்கூடிய பெரும்பயன் இதுவென்பது எம் கருத்து.

இவ்விளையாட்டை வீணென ஒதுக்குவோர்க்கு ஒன்று கூறுவோம். ஹங்கேரி நாட்டவரான நோர்பெர்ட் மிஹெலிஸ் என்பவர் கணினியிற் காரோட்டிப் பழகி, பின்னர் மெய்யான பாதைக்கு வந்தவர். அவர் 2010 இல் மக்காவோ நகர வீதிகளில் நடைபெற்ற உலகத் தொடர் ஓட்டமொன்றில் வெற்றி பெற்றார். 2019 இல் உலக டூரிங் கார் கிண்ணத்தையே வென்றார். எனினும் கணினியில் ஓடும் ஆயிரவருள் ஒருவர்க்கு வாய்த்த பேற்றை யாவர்க்கும் உரியதெனக் கொள்ளுதல் பேதைமை. ஐரோப்பிய நேரத்தில் நடைபெறும் போட்டி எமக்கு நித்திரைக் காலம். பரீட்சைக்கு முந்திய மாதங்களில் அதனை அறவே தவிர்த்தல் வேண்டும். பந்தயப் பழக்கத்தை ஊர் வீதிக்குக் கொண்டுவருதல் குற்றமாகும். அங்கே மீட்டு ஓடும் விசை இல்லை. துவிச்சக்கர வண்டியிற் பாடசாலை செல்லும் குழந்தை உண்டு.

திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை அடுத்து அடக்கமுடைமையை வைத்தார். முன்னது பிறர்க்கும் தமக்கும் ஒரே அளவுகோலைக் கொள்ளுதல். பின்னது தம்மைத் தாமே காத்தல். சமமான கார்களைத் தந்து முன்னதைக் கணினி செய்துவிடுகின்றது. பின்னதைச் செய்யும் கணினி இன்னும் பிறக்கவில்லை. அது ஓட்டுபவரின் காலிலும் மனத்திலும் இருக்கின்றது. நடுவர் காணாதபோது தாமே வெளியேறிய ஆட்டக்காரரை வளர்த்த கல்லூரி, முகமறியா எதிராளிக்கு வளைவில் ஒரு காரின் அகலம் இடம் விடும் இளைஞரையும் வளர்க்குமாக.