நகல் எடுத்து வைப்போம்

திருமலைக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அன்னமய்யாவின் பாட்டுகளைக் கேட்டிருப்பீர்கள்.

அன்னமய்யா 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஏழுமலையான் மேல் தெலுங்கில் பாடினார். அவர் 32,000 பாட்டுகள் பாடினார் என்று சொல்வார்கள். இன்று கிடைப்பவை அதில் பாதி கூட இல்லை.

கிடைத்த பாட்டுகள் எப்படித் தப்பின?

அந்தக் காலத்தில் பனை ஓலையில் எழுதுவார்கள். ஓலையைப் பூச்சி அரிக்கும். ஈரம் பட்டால் ஓலை மட்கும். அதனால் ஓலையை மட்டும் நம்பி இருக்கவில்லை. அன்னமய்யாவின் மகன் பெத்த திருமலாச்சாரியார் காலத்தில் பாட்டுகளைச் செப்புத் தகடுகளில் செதுக்கினார்கள். கோயிலுக்குள் ஒரு சிறிய அறையில் வைத்தார்கள்.

செம்பு நிலைத்தது. ஆனால் நாளடைவில் மக்கள் அந்தத் தகடுகளை மறந்து போனார்கள். பல தலைமுறை கழித்து, 1922-இல்தான் அவை வெளியே வந்தன. பிறகு பாட்டுகள் அச்சாயின. இன்று வீட்டுக்கு வீடு கேட்கின்றன.

ஓலைக்கு இருந்த ஆபத்து நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் உண்டு.

கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது?

நாம் பதிந்து வைப்பதெல்லாம் ஹார்டு டிஸ்க் என்ற பாகத்தில் இருக்கும். பல ஹார்டு டிஸ்க்குகளில் வட்டத் தகடு ஒன்று சுழலும். நிமிடத்துக்கு 5,400 முறை அல்லது 7,200 முறை சுழலும். அதன் மேல், தகட்டைத் தொடாமல், ஒரு சிறு முனை நகர்ந்து படிக்கும். கீழே விழுந்தால் முனை தகட்டில் உரசும். தேய்ந்தாலும் கெடும். சில நேரம் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். சில நேரம் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். சுழலாத புது வகை டிஸ்க்கும் உண்டு. அதுவும் ஒருநாள் கெடும்.

சித்தூரில் ஒரு வீடு. தாய் மகளிர் குழுவின் தலைவி. மகள் குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறாள். ஒருநாள் தாய் கேட்டார்:

“ஏம்மா, இந்தப் பெட்டி திடீர்னு நின்னு போனா என்ன செய்வே?”

“ரிப்பேர் பண்ணிக்கலாம்மா.”

“பெட்டியை ரிப்பேர் பண்ணலாம். கணக்கு திரும்பி வருமா?”

மகள் பதில் சொல்லவில்லை.

“பதினைஞ்சு பேர் காசு, கண்ணு. யார் எவ்வளவு கட்டினாங்கன்னு தெரியலைன்னா வீட்டுக்கு வீடு சண்டை வரும். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறோமே. இதுக்கு எடுக்க முடியாதா?”

“முடியும்மா. இன்னைக்கே எடுக்கிறேன்.”

தாய் கேட்டது சரியான கேள்வி. கெட்ட டிஸ்க்கிலிருந்து சில நேரம் கணக்கை மீட்கலாம். அதற்குச் செலவு அதிகம். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கெடுவதற்கு முன்னால் நகல் எடுப்பது சுலபம்.

எப்படி எடுப்பது?

1. போனால் திரும்ப வராதது எது என்று பாருங்கள். கணக்கு, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், குடும்பப் போட்டோ. முதலில் இவற்றை எடுங்கள்.

2. ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். பென் டிரைவும் கெடும். ஆகவே இரண்டில் எடுங்கள்.

3. எடுத்து முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால், இடி மின்னலிலோ வைரஸாலோ இரண்டும் சேர்ந்து கெடலாம்.

4. ஒரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். 2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை பெய்தது. தெருவெல்லாம் வெள்ளம். பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கம்ப்யூட்டரும் நகலும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் நனையும்.

5. நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

6. நகல் எடுத்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒரு நாள் குறித்து, புது நகல் எடுங்கள்.

7. நகல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். செப்புத் தகடுகள் அழியவில்லை. ஆனால் இருக்கும் இடம் தெரியாததால் பல தலைமுறை பாட முடியாமல் போனது.

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் செல்போன் இருக்கும். அதில் உள்ள போட்டோவுக்கும் இதே வழிதான்.

பதில் சொல்லுங்கள்

1. அன்னமய்யாவின் பாட்டுகளை எதில் செதுக்கினார்கள்? ஏன்?
2. ஒரு நகலை ஏன் வேறு வீட்டில் வைக்க வேண்டும்?
3. உங்கள் வீட்டில் எது போனால் திரும்ப வராது? மூன்றை எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

நீங்கள் எழுதிய மூன்றுக்கும் நகல் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள்.