மின்சாரம் வந்ததும் கணனி தானே இணைய வேண்டுமா?



காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் 1965ஆம் ஆண்டு முதல் விமலசுரேந்திர மின் நிலையத்தை இயக்கி வருகிறது. அந்த நீரின் பக்கத்திலேயே இருந்தாலும், டிக்கோயாவில் உள்ள நமக்கும் மின்வெட்டு வரத்தான் செய்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி தீவு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் திரும்பியதும் விளக்கு தானே எரியும். ஆனால் கணனி?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூத்தவன் கொழும்பில் வேலை செய்கிறான். தங்கை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். விடைகளை வீட்டுக் கணனியில் எழுதி வைக்கிறாள். 'டெயில்ஸ்கேல்' என்னும் வலையமைப்பு மென்பொருள், தூரத்திலுள்ள இரண்டு கணனிகளையும் ஒரே வீட்டில் உள்ளவை போல இணைக்கிறது. ஆகவே அண்ணன் கொழும்பிலிருந்தே அந்த விடைகளைப் பார்த்துத் திருத்துகிறான். ஒரு நாள் மின்சாரம் போய் வருகிறது. தங்கை பாடசாலையில், தாய் கொழுந்து மலையில். கணனியை யார் எழுப்புவது? அன்றைய திருத்தம் நின்றுவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள், ஆள் வந்து கடவுச்சொல்லைக் கொடுத்த பின்னரே தொடங்கும். இவை பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த பின் மலைக்குச் செல்லும் தொழிலாளியைப் போன்றவை. வேறு சில, கணனி எழும்போதே ஆளை எதிர்பாராமல் தொடங்கும். இவற்றைச் 'சர்விஸ்' என்பர். இவை, மற்றவர் வருமுன்பே கடமையில் நிற்கும் காவற்காரரைப் போன்றவை. நமக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகையே.

இனிச் செய்ய வேண்டியவை:

1. கணனி எழ வேண்டும். கணனியின் 'பயோஸ்' அமைப்பில், மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பினால் என்ன செய்வது என்று கேட்கும் இடம் பெரும்பாலான மேசைக் கணனிகளில் உண்டு. அதில் 'பவர் ஆன்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

2. மென்பொருள் எழ வேண்டும். விண்டோஸில் 'சர்விசஸ்' பட்டியலைத் திறந்து, டெயில்ஸ்கேலுக்கு நேரே 'ஆட்டோமெட்டிக்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பின்பு திரையின் மூலையிலுள்ள டெயில்ஸ்கேல் குறியை அழுத்தி, 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'ரன் அன்அட்டென்டட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். இதை விட்டுவிட்டால், யாராவது கடவுச்சொல் கொடுக்கும்வரை இணைப்பு வராது.

3. கணனி தூங்கக் கூடாது. மின்சார அமைப்பில் 'ஸ்லீப்' என்பதற்கு 'நெவர்' என இடுங்கள்.

4. அனுமதி முடியக் கூடாது. டெயில்ஸ்கேல் வழக்கமாக 180 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் உள்நுழையக் கேட்கும். வீட்டுக் கணனிக்கு மட்டும் இந்தக் காலாவதியை அதன் நிர்வாகப் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம்.

கடவுச்சொல்லை நீக்கிவிட்டால் எல்லாம் இலகு என்று சிலர் ஆலோசனை சொல்வர். கேட்காதீர்கள்! அப்படிச் செய்தால் வீட்டுக்கு வருபவர் எவரும் குடும்பத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் திறந்து பார்க்கலாம். சர்விஸாக இயங்கும் மென்பொருளுக்கு அந்த விட்டுக்கொடுப்புத் தேவையே இல்லை. மின்சாரம் விட்டுவிட்டு வரும் இடங்களில் ஒரு யு.பி.எஸ். இருப்பது கணனிக்கும் நல்லது.

இறுதியாக, இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். கணனியை முறைப்படி நிறுத்தி, சுவரிலுள்ள சுவிட்சையும் அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்துச் சுவிட்சைப் போடுங்கள். விசைப்பலகையைத் தொடாதீர்கள். ரௌட்டரும் கணனியும் எழ ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பின்பு கொழும்பிலுள்ள பிள்ளையிடம், "வீட்டுக் கணனி தெரிகிறதா?" என்று தொலைபேசியில் கேளுங்கள். "தெரிகிறது" என்று பதில் வந்தால் பாடம் கைவந்தது. வராவிட்டால், மேற்சொன்ன நான்கையும் வரிசையாக மீண்டும் பாருங்கள். பரீட்சைக்கு முந்திய இரவில் தேடுவதைவிட, இன்றே தேடிப் பிடிப்பது மேல்.