கோணிய படமும் அதன் காரணங்களும்

செங்கற்பட்டு மாவட்டத்துப் படூர், பழைய மாமல்லபுரச் சாலையை ஒட்டிய ஓர் ஊர். கிழக்கே சிறு தொலைவிற் கோவளத்துக் கடல். அருகே கேளம்பாக்கத்து உப்பளங்கள். இப்பகுதி காஞ்சீபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 2006ஆம் ஆண்டு முதலாகத் தமிழ்நாட்டரசு இலவசமாய் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் மாநிலமெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்களை அடைந்தன. அவற்றுட் சில இன்றும் உழைக்கின்றன. தட்டைத் திரைகள் மலிந்த இந்நாளில் அவற்றைப் பழுது பார்ப்பானேன் என்பார் உளர். வேறு வாங்க வகையில்லாத வீட்டிற்கு அவ்வினா பொருந்தாது. புதிய பிக்சர் டியூப் கிடைப்பதும் அரிதாதலின், அறியாது கைவைத்துக் கெடுத்தால் பெட்டி கெட்டதே.

டியூபின் கழுத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றைகள், தாமாகத் திரையின் நடுவில் ஒரு புள்ளியையே உண்டாக்கும். அப்புள்ளியை ஓட்டிப் படமாக விரிப்பது கழுத்தைச் சூழ்ந்துள்ள யோக் சுருள். அதன் ஒரு பகுதி கற்றையை இடமிருந்து வலமாக நொடிக்கு 15,625 முறையும், மற்றொன்று மேலிருந்து கீழாக நொடிக்கு 50 முறையும் இழுக்கும். இந்தியாவில் வழங்கிய 625 கோட்டு முறைக்குரிய கணக்கு இது. ஆகவே படம் எத்திசையிற் கெட்டது என்பதே, எவ்வுறுப்புக் கெட்டது என்பதற்கு முதற் சாட்சி.

திருப்புளியை எடுக்குமுன் வெளியே ஆராய்க. செட்டாப் பெட்டியை நீக்கி, வேறொரு கருவியை இணைத்துப் பார்த்தால் குற்றம் யாருடையது என்பது விளங்கும். பக்கத்தில் இன்வெர்ட்டரோ ஸ்டெபிலைசரோ இருப்பின் அதன் காந்தப்புலத்தால் படம் நடுங்கும். விலக்கி வைத்தலே மருந்து. மூலையில் நிறம் திட்டுத்திட்டாகத் தோன்றின், உள்ளிருக்கும் இரும்புத் தகடு காந்தமேறியது என்க. அதனைப் போக்கும் சுருள் பெட்டியிலேயே உண்டு. ஆயின் அது குளிர்ந்த நிலையில் மின்னேற்றினாலன்றி வேலை செய்யாது. பொத்தானை அடுத்தடுத்துத் தட்டுவதிற் பயனில்லை. அரைமணி நேரம் நிறுத்திவைத்துப் பின் போடுக.

மூடியைக் கழற்றுவோர் அறியவேண்டியது ஒன்று. டியூபின் உட்பூச்சும் வெளிப்பூச்சும், இடைநின்ற கண்ணாடியும் சேர்ந்து ஒரு பெரிய கண்டென்ஸராகின்றன. அதில் ஏறும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் தங்கும். எனவே காப்பிட்ட திருப்புளியின் தண்டினை, டியூபைச் சுற்றியுள்ள பின்னற் கம்பியோடு முதலிற் பிணைத்து, அதன் பின்னரே நுனியை ரப்பர் மூடியினடியிற் செலுத்துக. மற்றொரு கை முதுகுப்புறம் இருக்கட்டும். மின்வழங்கியின் முதற் கண்டென்ஸரிலும் 300 வோல்ட்டளவு நிற்கலாம். இத்தொழில் கற்றோர் ஒருவர் உடனிருக்கவன்றித் தனியே இதிற் புகற்க.

இனிக் குறிகளைக் காண்போம். திரை இருண்டு, நடுவே குறுக்காக ஒரு வெண்கோடு மட்டும் நிற்பின், மேல்கீழ் இழுப்பு அறவே நின்றது. உடனே ஒளியைக் குறைத்தல் வேண்டும். இன்றேல் அக்கோட்டின் வழியே பாஸ்பர் பூச்சுத் தீய்ந்து மாறாத தழும்பாகும். முதலிற் பார்க்கத்தக்கது வெர்ட்டிகல் ஐ.சி.யின் கால்களிலுள்ள ஈயப் பற்று. சூடேறி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் அதில் மோதிரம்போல் நுண்ணிய பிளவு விழும். மெக்கானிக்குகள் இதனை டிரை சோல்டர் என்பர். தட்டினால் படம் வந்து மறையும் பெட்டிகளிற் பெரும்பாலும் கதை இதுவே. மேலுங்கீழும் படம் குறுகினாலோ, மேல்விளிம்பில் மடிந்து வெண்கோடுகள் நெருங்கினாலோ, அந்த ஐ.சி.யை அடுத்துள்ள எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்ஸர்களைச் சந்தேகிக்க. வெப்பத்தால் உள்நீர் உலர்ந்து அவற்றின் கொள்ளளவு குன்றியிருக்கும். சிலர் ஐ.சி.யையே முதலில் மாற்றுவர். சில ரூபாய்க் கண்டென்ஸர் குற்றவாளியாயிருக்க, அதன் அண்டை வீட்டாரைத் தண்டிக்கும் நீதி அது!

பக்கங்கள் அலைபோல் நெளிந்தால் மின்வழங்கியை நோக்குக. நாற்புறமும் சுருங்கினாலும் அவ்வாறே. அங்கே பி பிளஸ் எனப்படும் அழுத்தத்தை மீட்டரால் அளந்து, பலகையிற் பொறித்துள்ள எண்ணோடு ஒப்பிடுக. படம் ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகி ஆப்புப்போலத் தோன்றின், யோக் சுருளின் கம்பிகள் தம்முள் ஒட்டிக்கொண்டன. ஒளியைக் கூட்டுந்தோறும் படம் பெருத்து மங்கின், டியூபிற்கான உயர்ந்த அழுத்தம் தளர்கிறது.

கடலோர ஊர்களில் இவற்றோடு உப்புக்காற்றும் சேரும். உப்புத்தூள் ஈரத்தை இழுத்து, ரப்பர் மூடியைச் சுற்றி மின் கசிய வழிசெய்யும். சீறும் ஒலியும், இருளில் நீலச்சுடரும் அதன் அடையாளம். பலகையின் செம்புக் கோடுகளும் பச்சை பூத்து அறும். மேற்கூறியவாறு மின்னை இறக்கியபின், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியாற் துடைத்து, நன்கு உலரவிடுக. பெட்டியைக் கிழக்குச் சன்னலருகே வைக்கும் வழக்கத்தை விடுதலும் நலம்.

பழுது நீங்கியபின் இரண்டு மணிநேரமாவது ஓடவிட்டுக் காண்க. டிரை சோல்டர் சூடேறிய பின்னரே தன்னைக் காட்டுவதும் உண்டு. வட்டவடிவான ஏதேனும் ஒன்று திரையில் வரும்போது, குறுக்கும் நெடுக்கும் அளவுகோலால் அளக்கவும். இரண்டும் ஒத்திருப்பின் மூடியைப் பூட்டலாம்.