அதே சோப்பு, வேற விலை: அக்கா சொல்றேன் கேளுங்க

கம்பத்துல வாங்கின சோப்பும் டீத்தூளும் விலை குறைச்சலா இருந்தா, "டூப்ளிகேட்டா இருக்குமோக்கா?"ன்னு வண்டன்மேட்டுத் தங்கச்சிங்க கேக்கிறீங்க. பெரும்பாலும் இல்லம்மா. பாக்கெட்டுல அடிச்சிருக்கிற எம்.ஆர்.பி.க்கு மேல விக்கத்தான் கூடாது. குறைச்சு விக்கிறது கடைக்காரர் விருப்பம்.

பெரிய சூப்பர்மார்க்கெட்டுல ஏசி, பார்க்கிங், வாடகை எல்லாம் நம்ம பில்லுலதான் ஏறும். தள்ளுபடிக் கடையில அட்டைப்பெட்டியைக் கிழிச்சு அப்படியே அடுக்கியிருப்பாங்க; நல்லா ஓடுற நாலு வகைதான் இருக்கும். மாசக் கடைசியில ஏஜென்சிக்காரங்க டார்கெட் முடிக்கத் தவிப்பாங்க. அப்போ ரொக்கத்துக்கு மொத்தமா எடுக்கிற கடைக்கு விலை இறங்கும், டஜனுக்கு ஒண்ணு இலவசமும் வரும். ஏலக்காய் விக்கிற நமக்கு இது தெரியாததா? கையில காசோட நிக்கிற வியாபாரிக்கு நாமளும் கிலோவுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோமே. 2002-ல மும்பை பவாயில முதல் கடை திறந்த டிமார்ட் வளர்ந்ததும் இப்படித்தான்: பெரும்பாலும் சொந்தக் கட்டடம், சப்ளையருக்குச் சீக்கிரம் பணம், கொஞ்ச லாபம், நிறைய விற்பனை.

ஆனா தேதி பாக்காம எடுக்காதீங்க. காலாவதி நெருங்கின சரக்கும் இந்த விலைக்கு வரும். சோப்புன்னா பரவாயில்ல. கோதுமை மாவு, பிஸ்கட்டுன்னா நம்ம ஊர் ஆடி மழையில நமுத்துப்போகும். பத்து நாள்ல தீர்ற அளவுக்கு மட்டும் எடுங்க. பாக்கெட்டோட ஓரத்தை விரலால தடவிப் பாருங்க. ஒட்டு பிரிஞ்சிருந்தாலோ, தேதி மேல வேற ஸ்டிக்கர் இருந்தாலோ வேண்டாம். எம்.ஆர்.பி. பக்கத்துல ஒரு கிராமுக்கு என்ன விலைன்னும் போட்டிருப்பாங்க. பெரிய பாக்கெட்டுதான் லாபம்னு நினைக்காம அதை ஒப்பிடுங்க.

மலை இறங்குறதுக்கு முன்னாடி மாவேலி ஸ்டோரை எட்டிப் பாருங்க. 1974-ல தொடங்கின, கேரள அரசோட சப்ளைகோ நிறுவனத்தின் கடை அது. ரேஷன் கார்டு காட்டினா அரிசி, பயறு, உளுந்து, மிளகாய், மல்லி, சீனி, தேங்காய் எண்ணெய்னு 13 சாமான் மானிய விலையில கிடைக்கும். 2024-லிருந்து அந்த விலை சந்தையை ஒட்டி மாறுது, அதனால போர்டைப் பாத்துட்டு வாங்குங்க. கம்பெனி சோப்பு, பேஸ்ட்டும் அங்க எம்.ஆர்.பி.க்குக் கீழதான், அதுக்குக் கார்டு தேவையில்ல. அங்க இல்லாததை மட்டும் சீட்டுல எழுதி, லயத்துல நாலு வீடு சேர்ந்து ஒரே ஜீப்புல கம்பம் போயிட்டு வாங்க. ஒரு வீட்டுக்காக மட்டும் போனா, மிச்சம் பிடிச்சது ஜீப் கூலிக்கே சரியாயிரும்.