வாக்குக் கேட்கப் பணம் வேண்டுமா?



நமது தண்டையார்பேட்டையை உள்ளடக்கிய ஆர்.கே. நகர் தொகுதியில் 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. வாங்காத வீடுகளுக்கும் சேர்த்தே அவப்பெயர்.

அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நம் பிள்ளைகளில் யாரேனும் நிற்கலாம். எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். 2022இல் சென்னை கவுன்சிலர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 90,000 ரூபாய். வேன், மைக், மேடை என்று இறங்கினால் அது சில நாளில் கரைந்துவிடும். நடந்து போனால் மிச்சமாகும்.

வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக, தெருவாரியாக இருக்கிறது. தெருவுக்கு இருவர் போதும். பகலில் ஆண்கள் ஹார்பரிலோ கம்பெனி ஷிப்டிலோ இருப்பார்கள். அந்நேரம் பெண்களே போவது நல்லது. நோட்டீஸை நீட்டிவிட்டு ஓடாமல், சாக்கடை அடைப்பு, குடிநீர் என்று அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இதைத்தான் செய்வதில்லை. இரண்டாம் முறை போகும்போது வாக்குச்சாவடி எண்ணைச் சொல்லுங்கள். 2022இல் சென்னையில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. அந்த நினைவூட்டலே பெரிய பிரச்சாரம்.

பள்ளிவாசலைப் பிரச்சார இடமாக்குவதைத் தேர்தல் நடத்தை விதி தடுக்கிறது. ஜும்ஆ முடிந்து நோட்டீஸ் கொடுப்பவர்கள் தெருமுனைக்குத் தள்ளியே நிற்கட்டும்.