முதலில் காது, அப்புறம் கை: டிரம்ஸ் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு, டிரம்ஸ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எளாவூரிலிருந்து சுண்ணாம்புக்குளம் வரை நம் பழவேற்காட்டு ஏரியோரத்து ஊர்களில் தாளத்துக்குப் பஞ்சமே கிடையாது. டிரம் கிட் இருக்கும் வீடுகள்தான் குறைவு. சர்ச் கோயரிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசித்தே முடி நரைத்தவன் என்ற உரிமையில் உனக்குச் சில வார்த்தைகள் சொல்கிறேன். கையைப் பற்றிக் கொஞ்சம், மனசைப் பற்றி நிறைய.

1. முதலில் கேட்கப் பழகு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பம்பைக்காரர் பக்கத்தில் போய் நில். ஒன்று மரம், ஒன்று வெண்கலம் என்று இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிய வாத்தியம் அது. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் பம்பைக்காரரின் கை என்ன செய்கிறது, அருள் வரும் நேரத்தில் அடி எப்படி நெருங்குகிறது என்று கவனி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு பாட்டைப் பலமுறை ஓடவிட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடரச் சொல்வார். காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பேஸ் டிரம்மும் அந்தக் கிட்டாரும் கைகோத்து நடப்பது ஒருநாள் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் என் காலுக்கு வேலை புரிந்தது.

2. எந்தத் தோல் வாத்தியத்தையும் தாழ்வாக நினைக்காதே. பறை அடித்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய கொடுமை நம் மண்ணில் நடந்தது. இன்று தோல் வாத்தியங்களுக்கு விருதும் வருகிறது: டிரம்ஸ் கலைஞர் சிவமணிக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பறை இசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் அதே விருது கிடைத்தது. விருது வந்த பிறகு வணங்குவது பெரிதல்ல. தெருவில் வாசித்துக்கொண்டு போகிறவரைப் பார்த்ததும் எழுந்து நில், அதுதான் பெரிது.

3. கிட் வரட்டும் என்று காத்திருக்காதே. ஒரு ஜோடி 5ஏ ஸ்டிக், ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேட், இது போதும் தொடங்க. உலக அளவில் டிரம்ஸ் கலைஞர்கள் கைப்பயிற்சிக்கென்று 40 அடிப்படைப் பாடங்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதில் சிங்கிள் ஸ்ட்ரோக், டபுள் ஸ்ட்ரோக், பாரடிடில் மூன்றையும் முதலில் பிடி. போனில் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, இரண்டு கையும் ஒரே சத்தம் தரும்வரை வேகம் கூட்டாதே. வாளியிலும் தண்ணீர் கேனிலும் சூட்கேசிலும் மேடையில் தாளம் எழுப்பியவர் சிவமணி. நாதம் பொருளில் பாதி, கையில் பாதி.

4. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். கிட்டுக்காக வட்டிக்கு வாங்காதே, அம்மாவின் கம்மலை அடகு வைக்கச் சொல்லாதே. உங்கள் வீட்டில் விசைப்படகு வேலைக்குப் போகிறார்கள் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு புரளாது. தவணை அந்த மாதங்களிலும் வந்து நிற்கும். தவணை கட்ட முடியாமல் கிட்டையே திருப்பிக் கொடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் குச்சியைத் தொடவே இல்லை. ஒரு வருஷம் பேடில் பழகிக்கொண்டே சேர்த்து வை. அந்த ஒரு வருஷம் வீண்போகாது.

5. வாங்கும் நாளில் பளபளப்பைப் பார்க்காதே. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போ. அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் இருக்கிறது. அங்கே போய் வகைகளைப் பார், விலை கேள், அன்றைக்கே வாங்காமல் திரும்பி வா. வழக்கமான ஐந்து டிரம் கிட்டில் 22 அங்குல பேஸ் டிரம், 14 அங்குல ஸ்நேர், மேலே இரண்டு டாம், கீழே ஒரு ஃப்ளோர் டாம் இருக்கும். சின்ன வீட்டுக்கு 18 அல்லது 20 அங்குல பேஸ் டிரம் போதும். தொடக்கத்துக்கு பாப்லர் மரமே நல்லது, மேப்பிளுக்கு ஆசைப்படாதே. செகண்ட் ஹேண்ட் என்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போ. தோலைக் கழற்றச் சொல்லி, டிரம்மின் விளிம்பு வட்டமாக, விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். கிழிந்த தோலை மாற்றிவிடலாம், விரிசல் விட்ட மரத்தை மாற்ற முடியாது. மலிவான கிட்டுகளில் பித்தளைச் சிம்பல்தான் வரும், அது தகரம்போல ஒலிக்கும். மிச்சப்படும் பணத்தை வெள்ளீயம் கலந்த வெண்கலச் சிம்பலுக்கும் நல்ல பெடலுக்கும் உறுதியான முக்காலிக்கும் போடு. நிறைய டிரம் வைத்திருப்பவன் என்று பெயர் வாங்குவதைவிட, நாலே டிரம்மில் நன்றாக வாசிக்கிறான் என்று பெயர் வாங்குவது மேல்.

6. உப்புக்காற்றை மறக்காதே. நம் ஊர்க் காற்று சைக்கிளையே தின்னும், ஸ்டாண்டை விடுமா? வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் இரும்பையும் சிம்பலையும் துடை. திருகுகளுக்கும் பெடல் ஸ்பிரிங்குக்கும் அவ்வப்போது ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடு. ஈரத் தரையில் வைக்காமல் பலகை மேல் வை. என் ஆசிரியர் வாசிப்பைப் பார்த்து ஒருவரை எடைபோட்டதில்லை. கச்சேரி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கிட்டைத் துடைத்துக் கட்டுகிறவனைத்தான் மறுபடி கூப்பிடுவார்.

7. அடுத்தவர் தூக்கத்தை மதி. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்கிறது சட்டம். ராத்திரி முழுக்க ஏரியில் வலை வைத்துவிட்டு வந்து பட்டப்பகலில் படுக்கிறவரின் தூக்கத்தை அந்த விதி காக்காது, நீதான் காக்க வேண்டும். பக்கத்து வீட்டில் போய், எந்த நேரம் வாசித்தால் தொந்தரவு இல்லை என்று கேள். பேஸ் டிரம்முக்குள் பழைய போர்வையைத் திணி, ஸ்நேர் மேல் துண்டு போடு. உன் காதையும் காப்பாற்று. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான் என்பது தொழில்நல நிபுணர்கள் கணக்கு. டிரம்ஸ் அந்த 100ஐச் சுலபமாகத் தாண்டும். காதடைப்பான் போட்டுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

8. உன் முறை வரும்வரை பொறு. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் வலை வைக்க யாருக்கு உரிமை என்று முறை வைத்துக்கொள்வார்கள். எவ்வளவு மீன் துள்ளினாலும் அடுத்தவன் பாட்டில் கை வைக்க மாட்டார்கள். பாட்டிலும் அப்படித்தான். பாடகர் வரி பாடும்போது அந்த இடம் அவருடையது, அங்கே ரோல் போட்டு நிரப்பாதே. ஒரு திருவிழா மேடையில் பாடகி வரியை மறந்து நின்றுவிட்டார். டிரம்ஸில் இருந்த பெரியவர் எல்லா அலங்காரத்தையும் விட்டுவிட்டு, வெறும் ஹை-ஹாட் சிம்பலும் ஸ்நேருமாக நிதானம் தவறாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். அவர் விடாமல் பிடித்த தாளத்தில் பாடகிக்கு வரி திரும்பக் கிடைத்தது. கைதட்டல் பாடகிக்குப் போனது, பெரியவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. இந்த வாத்தியத்தின் தர்மம் அதுதான், கண்ணு. மற்றவர்கள் விழாமல் நிற்க ஒரு தரை வேண்டும், அந்தத் தரையாக இருப்பது உன் வேலை.

9. பரீட்சைக்காக மட்டும் வாசிக்காதே. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வு டிரம் கிட்டுக்கும் உண்டு, 8ஆம் கிரேடு வரை போகலாம். முடிந்தால் எழுது, ஒழுங்கு வரும். ஆனால் சான்றிதழை ஆணியில் மாட்டிவிட்டுக் குச்சியையும் மாட்டிவிடாதே. வேகமாக வாசிக்கும் இன்னொரு பிள்ளையைப் பார்த்து மனம் சுருங்கவும் செய்யாதே. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இடதுகைக்காரர். வலதுகைக்காரருக்கு அமைத்த கிட்டிலேயே உட்கார்ந்து, தனக்கென்று ஒரு நடையைக் கண்டுபிடித்தார். வேகம் ஒரு பருவத்தோடு போய்விடும். நிதானம் வயதோடு கூடும்.

10. கற்றதை உடனே கொடு. நாலு அடி வந்ததும் அதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கு எது சரியாக வரவில்லை என்று வெளிச்சமாகும். கோயரில் ஆள் இல்லை என்று கூப்பிட்டால் போ, கூலி பேசும் கச்சேரியில் உன் கூலியைத் தலை குனியாமல் கேள். உன் தங்கை குச்சியைக் கேட்டால் மறுக்காதே. பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று வீட்டில் யாராவது சொன்னால், அவள் பக்கம் நின்று பேசு. ஒரு வீட்டில் ஒரு கிட் இருந்தால், அதில் ஒருவர் மட்டும் கற்றுக்கொள்வது போதாது.