அடுத்தவர் கைக்குத் துளைத்த பந்து

பவுலிங்னு சொன்ன உடனே அஸ்வின் ஞாபகம் வர்றவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், இது அந்த பவுலிங் இல்ல. வழவழப்பான லேனில் கனமான பந்தை உருட்டி, கடைசியில் நிக்கிற பத்து பின்னையும் சாய்க்கிற டென்பின் பவுலிங். பிறந்தநாள் ட்ரீட்னு மாலுக்குப் போய் ரெண்டு கேம் ஆடினவங்க நம்ம காலேஜில் நிறைய பேர் இருப்பாங்க. சீரியஸா ஆடுறவங்களும் நம்ம ஊரில் உண்டு. ஷபீர் தன்கோட் தமிழ்நாட்டுக்காக ஆடி, ஒரு தடவைக்கு மேல தேசிய சாம்பியன் ஆனவர்.

இந்தக் கட்டுரை முக்கியமா எம்.எஸ். பண்ணப் போறவங்களுக்கு. அமெரிக்காவில் பல யூனிவர்சிட்டிகளில் மாணவர் யூனியன் கட்டடத்துக்குள்ளேயே பவுலிங் லேன் இருக்கு. இல்லினாயில் இல்லினி யூனியன், விஸ்கான்சின் மேடிசனில் யூனியன் சவுத், ரெண்டிலும் ஆடலாம். அங்கே பழைய பொருள் விக்கிற கடைகளில் யாரோ கொடுத்துட்டுப் போன பந்து சல்லிசா கிடைக்கும். லீவுக்கு வர்ற அண்ணன் "சும்மாதான் கிடக்கு, வச்சுக்கடா"னு கொடுத்துட்டுப் போன பந்தை கட்டிலுக்கு அடியில் வச்சிருக்கவங்களும் படிங்க.

கார், பைக், லேப்டாப் எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கினா அப்படியே ஓட்டலாம். பவுலிங் பந்து அப்படி இல்ல. அது செருப்பு மாதிரி. கடையில் புதுசா வாங்குறப்ப பந்தில் ஓட்டையே இருக்காது. வாங்குறவர் கையை அளந்து, அதுக்கப்புறம்தான் துளைப்பாங்க. அதனால பழைய பந்துன்னா, முன்னாடி வச்சிருந்தவரோட கை அளவும் அதோட சேர்ந்தே வருது.

அளவு பொருந்தலைன்னா என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 14 பவுண்ட் பந்து 6.35 கிலோ. கையை 0.7 மீட்டர் நீள ஊசலா எடுத்துக்குவோம். கீழ்ப்புள்ளியில் தோளைப் பொறுத்து பந்தோட வேகம் விநாடிக்கு 5 மீட்டர்னு வச்சுக்கோங்க. மையநோக்கு விசை சுமார் 227 நியூட்டன், பந்தோட எடை 62 நியூட்டன், கூட்டினா 290 நியூட்டனுக்குப் பக்கம். கிட்டத்தட்ட 29 கிலோ அரிசி மூட்டையை மூணு விரலில் தொங்கவிடுற மாதிரி. அது ஒரு கணம்தான், ஆனா ஒரு சாயங்காலத்தில் ஐம்பது அறுபது தடவை. ஓட்டை சரியா இருந்தா இந்த விசை விரல் முழுக்கப் பரவும். இல்லைன்னா ஓட்டையோட ஓரம் ஒரே இடத்தில் அழுத்தும். கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கமா ஒரு நரம்பு ஓடுது. அந்த இடம் திரும்பத் திரும்ப நசுங்கினா நரம்பைச் சுத்தி தழும்புத் திசு வளர்ந்து, மரத்துப்போகும், சுருக்குனு ஷாக் அடிக்கும், சின்னக் கட்டி மாதிரி கையில் தட்டுப்படும். மருத்துவத்தில் இதுக்குப் பேரே 'பவுலர்ஸ் தம்ப்'.

என் ரூம்மேட்டுக்கு அவ்வளவு தூரம் போகல. அவனோட கசின் கொடுத்த பந்தில் தொடர்ந்து மூணு வாரம் ஆடினான். "பழகிடும் மச்சி"னு சொல்லிட்டே இருந்தான். லேப் எக்ஸாம் அன்னைக்கு சால்டரிங் அயர்னைப் பிடிச்சா கட்டைவிரல் நுனியில் உணர்ச்சியே இல்ல. ஆடுறதை நிறுத்தி, முழுசா சரியாக ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பந்து விஷயத்தில் 'பழகிடும்'ங்கிற வார்த்தையை நான் நம்புறதே இல்ல. ஷூ பழகும், ஏன்னா தோல் வளையும். இந்தப் பிளாஸ்டிக் வளையாது, உங்க விரல்தான் வளையணும்.

சரி, பந்தைக் கையில் எடுங்க. முதல்ல அது வலதுகையா இடதுகையான்னு பார்க்கணும். நடுவிரல் ஓட்டைக்கும் மோதிர விரல் ஓட்டைக்கும் கட்டைவிரலில் இருந்து உள்ள தூரம் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. ஓட்டைகளோட சாய்வும் கைக்குக் கை மாறும். இடதுகை ஆட்டக்காரர் பந்தை வலதுகையில் மாட்டினா ஓட்டை மூணும் இருக்கும், எதுவும் உட்காராது.

அடுத்தது விரிசல். ரெண்டு விரல் ஓட்டைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய பகுதியை நகத்தால் தடவிப் பாருங்க. பழைய பந்து முதல்ல விடுறது அங்கேதான். வெயிலில் நிறுத்தின கார் டிக்கியில் கிடந்த பந்துன்னா இன்னும் கவனமா பாருங்க. நாலாவதா ஒரு ஓட்டை இருந்தா பயப்பட வேண்டாம், அது எடையைச் சமன் செய்யப் போட்டது. ஆனா அமெரிக்க பவுலிங் சம்மேளனம் 2020 ஆகஸ்ட் 1 முதல் அந்த ஓட்டையை அனுமதிக்கல. அங்கே லீக் ஆடணும்னா அதை அடைச்சாகணும். நண்பர்களோட சும்மா ஆட அது ஒரு பொருட்டே இல்ல.

இப்பதான் முக்கியமான விஷயம், ஸ்பான். அதாவது கட்டைவிரல் ஓட்டையோட ஓரத்தில் இருந்து விரல் ஓட்டையோட பக்கத்து ஓரம் வரைக்கும் உள்ள தூரம். பலரும் முதல்ல ரெண்டு விரலை விட்டுட்டு, கட்டைவிரலை அப்புறம் திணிக்கிறாங்க. அளக்கும்போது இதைத் தலைகீழா செய்யணும். பந்தை மேஜை மேல வச்சு, கட்டைவிரலை அடி வரைக்கும் முழுசா விடுங்க. மத்த ரெண்டு விரலையும் ஓட்டைக்குள்ள விடாம, இழுத்துப் பிடிக்காம, ஓட்டை மேல படுக்க வையுங்க. மாலில் வாடகைக்குத் தர்ற பந்து மாதிரி, விரல் ரெண்டாவது கணு வரை உள்ளே போற கன்வென்ஷனல் பிடின்னா, நுனியில் இருந்து ரெண்டாவது மடிப்புக் கோடு ஓட்டையோட உள் ஓரத்தை கால் அங்குலம் அளவுக்குத் தாண்டி இருக்கணும். முதல் கணு வரை மட்டும் போற ஃபிங்கர்டிப் பிடின்னா, முதல் மடிப்புக் கோடு அந்த உள் ஓரத்துக்கிட்ட வரணும். சொந்தப் பந்து வச்சிருக்கவங்க பெரும்பாலும் ரெண்டாவது வகைதான், அதனால உங்களுக்குக் கிடைக்கிற பழைய பந்தும் அப்படித்தான் இருக்கும். வாடகைப் பந்திலேயே பழகினவங்களுக்கு அது முதல்ல ரொம்ப அகலமா தெரியும். அதுக்காக அளவு தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க, மடிப்புக் கோட்டைப் பாருங்க.

ஸ்பான் அதிகமா இருந்தா உள்ளங்கை இழுபட்டு, கட்டைவிரல் அடியில் வலிக்கும். குறைவா இருந்தா உள்ளங்கை பந்தை விட்டுக் கூடாரம் மாதிரி எழும்பும், விரல் நுனியால் பிறாண்டிப் பிடிக்கத் தோணும். கன்வென்ஷனலில் உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையுற இடைவெளி இருந்தா போதும்.

ஸ்பான் கொஞ்சமா தப்பிச்சா கைவசம் ஒரு வழி இருக்கு. ஃபிங்கர்டிப் பந்தில் விரல் ஓட்டைக்குள்ள ரப்பர் மாதிரி ஒரு குழாய் ஒட்டியிருக்கும், அதுதான் இன்சர்ட். உங்க விரல் சதை அழுத்துறது கட்டைவிரலைப் பார்த்த சுவரில். அந்தச் சுவர் தடிமனா இருக்கிற இன்சர்ட் போட்டா ஸ்பான் கூடும், மெலிசா போட்டா குறையும். 1/16 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர் வித்தியாசத்தை இப்படியே சமாளிக்கலாம். இன்சர்ட் விலையும் குறைவு. அடுத்தவர் விரல் அழுக்கு ஊறின பழசை எப்படியும் மாத்தத்தானே போறீங்க.

அடுத்தது பிட்ச். கிரிக்கெட் பிட்ச் இல்ல, ஓட்டையோட சாய்வு. ஓட்டை பந்தோட மையத்தை நோக்கி நேரா போனா பிட்ச் பூஜ்யம். அடிப்பாகம் உள்ளங்கைப் பக்கம் சாய்ஞ்சா முன்சாய்வு, பந்து கையில் தங்கும். எதிர்ப்பக்கம் சாய்ஞ்சா பின்சாய்வு, கட்டைவிரல் சீக்கிரம் வெளியே வரும். மையத்தை விட்டு எத்தனை அங்குலம் விலகுதுன்னு அளப்பாங்க. பந்தோட ஆரம் சுமார் 4.25 அங்குலம், அதனால 1/8 அங்குலப் பிட்ச்னா கோணம் 1.7 டிகிரிக்குப் பக்கம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஸ்பான் சரியா இருந்தும் கட்டைவிரல் வெளியே வரும்போது மாட்டுதுன்னா, இல்ல பந்து பின்னாடியே நழுவுதுன்னா, பிட்ச்சைத்தான் சந்தேகப்படணும். இதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

கட்டைவிரல் ஓட்டையோட அகலத்துக்கு வீட்டு வைத்தியம் நிறைய உண்டு. சரியான அளவுன்னா, தோல் சுத்தி எல்லாப் பக்கமும் சுவரைத் தொடணும், ஆனா பிடிச்சு நெரிக்காமலே பந்து நிக்கணும், உருவும்போது லேசா உரசணும். பெருசா இருந்தா பவுலிங் டேப் ஒட்டுங்க. நகப் பக்கம் ஒட்டினா ஸ்பான் மாறாது, சதைப் பக்கம் ஒட்டினா டேப் தடிமன் அளவுக்கு ஸ்பான் கூடும். ஆட ஆட கட்டைவிரல் வீங்கும், அதனால ஓட்டையைக் கொஞ்சம் பெருசாவே வச்சு ரெண்டு மூணு டேப் ஒட்டி ஆரம்பிச்சு, வீங்க வீங்க ஒவ்வொண்ணா உரிக்கிறதுதான் வழக்கம். சின்னதா இருந்தா, ஓட்டையை விட மெலிசான மரக்குச்சியில் உப்புத்தாள் சுத்தி, நாலு தேய்ப்புக்கு ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்துத் தேய்க்கணும். டிரில்லிங் மெஷினை எடுத்துட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடாதீங்க. தேய்ச்சு எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. விளிம்பு கூர்மையா இருந்தா அதையும் உப்புத்தாளால் மழுக்குங்க. நரம்பை நசுக்குறது பெரும்பாலும் அந்த விளிம்புதான்.

ஸ்பான் 1/8 அங்குலத்துக்கு மேல தப்பு, இல்ல கையே மாறின பந்துன்னா, அடைச்சுத் துளைக்கிறதுதான் வழி. ரெசினும் ஹார்ட்னரும் கலந்து பழைய ஓட்டைகளில் ஊத்தி, இறுகினதும் மட்டமா சீவி, பாலிஷ் போட்டு, உங்க கையை அளந்து புதுசா துளைப்பாங்க. இது ப்ரோ ஷாப்பில் அளவுப் பந்து வச்சு அளக்கத் தெரிஞ்சவர் செய்யுற வேலை. பல சமயம் இந்தக் கூலி நீங்க பந்துக்குக் கொடுத்த காசைத் தாண்டிடும். அதனால பழைய பந்தை வாங்குறதுக்கு முன்னாடியே துளைக்கூலியைக் கேட்டு வச்சுக்கோங்க. என்னைக் கேட்டா, பாலியஸ்டர் பந்துக்கு அந்தச் செலவு தகும். அது லேன் எண்ணெயை உறிஞ்சாது, நேரா போகும், மிச்சம் நிக்கிற ஒத்தைப் பின்னை அடிக்க வருஷக்கணக்கில் உழைக்கும். எண்ணெய் குடிச்சு, விரிசல் விட ஆரம்பிச்ச பழைய ரியாக்டிவ் ரெசின் பந்துக்கு நான் ஒரு ரூபாய் கூடச் செலவு பண்ண மாட்டேன்.

அளக்கப் போறப்ப காலையில் எழுந்த உடனே போகாதீங்க, வாடகைப் பந்தில் ஒரு கேம் ஆடி கை சூடானதும் அளங்க. முதல் நாள் ஒரு கேம் மட்டும் ஆடுங்க. முடிச்சதும் கட்டைவிரலைப் பாருங்க. லேசா சிவந்திருந்தா பரவாயில்ல. ஒரே இடத்தில் கோடு விழுந்திருந்தா அந்த இடத்தைப் பேனாவால் குறிச்சுக்கிட்டு, பந்தையும் தூக்கிட்டுத் துளைச்சவர்கிட்டயே திரும்பப் போங்க. எங்கே தேய்க்கணும்னு அந்தக் குறியைப் பார்த்தாலே அவருக்குத் தெரிஞ்சிடும்.